நெஞ்சு வலியும் விலாக் குருத்தெலும்பும்

நெஞ்சில் வலி என்றவுடன் நம் எண்ணம் இருதயத்தையே நாடுகின்றது. அது இயல்பே. ஆயினும் மார்பில் நோவு காணும் இடங்கள் பல. அவற்றுள் ஒன்று விலாக் குருத்தெலும்பு.

நம் உடலில் 12 ஜோடி விலா எலும்புகள் உள்ளன. மேலுள்ள 7 ஜோடிகள் குருத்தெலும்பின் வாயிலாக நடு மார்பெலும்போடு நேரே இணைகின்றன. மூச்சிழுக்கும்போது மார்புக்கூடு விரிவதற்கு இக்குருத்தெலும்பின் நெகிழ்வே துணை. அவ்விணைப்பில் அழற்சி உண்டாயின் குத்துவது போன்ற வலி தோன்றும். வீக்கமும் சேர்ந்து வரும் அரிய வகையை 1921-இல் அலெக்ஸாண்டர் டீட்ஸே என்னும் ஜெர்மானிய அறுவை மருத்துவர் விவரித்தார். அவ்வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைக் கொழுந்து சுமப்போரும், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூட்டை தூக்குவோரும் இதனை அறிந்திருத்தல் நன்று. பழக்கத்திற்கு மிஞ்சிய பாரமும், நாட்கணக்கில் நீடிக்கும் இருமலும் இந்நோவைத் தூண்டக்கூடும். பல வேளைகளில் காரணம் புலப்படுவதில்லை.

வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தினால் நோவு மிகும். ஆழ்ந்து மூச்சிழுத்தாலும், இருமினாலும், உடலைத் திருப்பினாலும் அவ்வாறே. ஆனால் இவ்வடையாளங்களைக் கொண்டு நாமே தீர்ப்புக் கூறலாகாது. அழுத்தினால் வலிக்கிறது என்பதனாலேயே இருதயத்தில் குறையில்லை என்று ஆகிவிடாது. இருதய மின்வரைபடம், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் மருத்துவர் இருதய நோய் இல்லை என்று தெளிந்த பின்னரே, இது குருத்தெலும்பின் நோவு என்று கொள்ளுதல் தகும்.

நெஞ்சை இறுக்கும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு கணமும் தாமதித்தலாகாது. நீரிழிவுடையோர்க்கும் பெண்டிர்க்கும் இக்குறிகள் மங்கலாகவும் தோன்றலாம். “வாயுப் பிடிப்புதான், கஷாயம் குடித்தால் சரியாகும்” என்று விடியும்வரை காத்திருப்பது பேராபத்து. மூணாறிலிருந்து போடிமெட்டு வழியே தேனிக்கு இறங்குவதாயினும், குமுளியிலிருந்து கம்பம் செல்வதாயினும் மலைப்பாதை நேரத்தை விழுங்கும். ஆகவே 108 எண்ணை உடனே அழைத்தல் வேண்டும்.

குருத்தெலும்பு நோவு என்று மருத்துவர் உறுதி செய்தபின் அஞ்ச வேண்டுவதில்லை. சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், அது தானே தணியும். அதுவரை பாரம் தூக்குவதைக் குறைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன அளவிலேயே உட்கொள்ள வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உடையோர் வேறு மாத்திரைகளைத் தாமாக வாங்கி விழுங்குதல் கூடாது. முற்றிலும் படுத்துக் கிடப்பதும் வேண்டாம். மெல்ல நடமாடுதலே நலம்.

முதலில் இருதயத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துக் கொள்வோம். பின்னர் விலாவின் நோவைப் பொறுமையோடு ஆற்றுவோம். இவ்வரிசை மாறாதிருத்தலே உயிர்க்குக் காவலாகும்.