ஊற்றுக்குள் இருவர்: நன்னீர்க் குகைகளில் சுழியோடுதல்

குகைச் சுழியோட்டம் என்பது நீர் நிறைந்த குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களோடு நீந்திச் சென்று, போன வழியாகவே திரும்பி வருவது. கடலில் சங்கு குளிப்பவருக்கு மூச்சு முட்டினால் நேரே மேலெழுந்துவிடலாம். குகையில் தலைக்கு மேல் பாறை மூடியிருக்கும். 200 மீற்றர் உள்ளே போனவர் வெளிக்காற்றைச் சுவாசிக்க வேண்டுமானால் 200 மீற்றர் திரும்பி நீந்தியாக வேண்டும். அதனால் கையில் கொண்டுபோகும் டோர்ச் முதல் கூட வரும் நண்பர் வரை இங்கே எல்லாமே திரும்பி வருவதை முன்வைத்தே தீர்மானிக்கப்படுகின்றன.

உலகில் அதிகமாகச் சுழியோடப்படும் குகைகளில் பல, நன்னீர் ஊற்றுகளின் வாய்கள்தாம். நிலத்தடியில் ஓடிவரும் ஆறு வெளியே வரும் இடத்தில், அதன் ஓட்டத்தை எதிர்த்து உள்ளே போகிறார்கள் சுழியோடிகள்.

இறம்பொடையின் நீரும் யாழ்ப்பாணத்தின் நீரும்

எல்லா ஊற்றுக்குள்ளும் மனிதர் நுழைய முடியாது. அதைத் தீர்மானிப்பது பாறை. இலங்கையில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில், புசல்லாவையைத் தாண்டினால் இறம்பொடை. கொத்மலை ஓயாவின் கிளையான பன்ன ஓயா இங்கே 109 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த நீரைத் தாங்கி நிற்பவை நைஸ், சாணோக்கைற்று போன்ற, 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட உருமாறிய பாறைகள். இவை நீரில் கரைவதில்லை. மழைநீரில் பெரும்பகுதி பாறைமேல் ஓடி அருவியாகிவிடுகிறது. எஞ்சியது தேயிலை மலையின் மண்ணிலும், உக்கிய பாறையிலும், அடியிலுள்ள வெடிப்புகளிலும் இறங்கித் தங்குகிறது. அதுவே சரிவில் கசிந்து ஊற்றாகிறது. மூங்கிலோ குழாயோ வைத்தால் லயத்துப் பீலியாகிறது. பீலியில் வருடம் முழுவதும் நீர் வரலாம். அதன் பின்னால் இருப்பவை விரல் நுழையாத வெடிப்புகள்தாம்.

அந்த வெடிப்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு தூரம் தொடர்புபட்டவை என்பதை ஊவா மக்கள் கண்கூடாகக் கண்டார்கள். உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பெருக்கெடுத்தபோது, மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன.

மலையகப் பாறைகளுக்கிடையே பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டைகளும் உண்டு. அவை கரையும். இரத்தினபுரி மாவட்டத்தின் வவுல்பனே குகை அப்படி உருவானது. அதனுள்ளே இன்றும் ஓடை ஓடுகிறது. பலாங்கொடைக்கு அருகே கட்டப்பட்ட சமனலவெவ நீர்த்தேக்கம் 1992 முதல் கசிந்துகொண்டிருப்பதற்கும் அதன் கரையிலுள்ள இத்தகைய கரைந்த பாறையே காரணம்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் வெடிப்புகளை அரித்து அரித்துக் குழாய்களாக்கி, குழாய்களைக் குகைகளாக்குகிறது. கூரை இடிந்து விழுந்த இடங்கள் மேலே குளம்போலத் தெரிகின்றன. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணறு அத்தகையது. அடி காணாத கிணறு என்று பேர்பெற்ற இதன் ஆழம் ஏறத்தாழ 50 மீற்றர். கடற்படைச் சுழியோடிகள் இதற்குள் இறங்கி ஆய்ந்திருக்கிறார்கள். மேற்பகுதியில் நன்னீர், ஆழம் போகப் போக உவர்நீர். குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதப்பதே இதற்குக் காரணம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், அதற்குக் கீழே 40 மீற்றர் அளவுக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. கீரிமலைக் கேணியில் கடலோரமாக நன்னீர் பொங்குவதும் இதே பாறை அமைப்பினால்தான்.

குகை ஊற்றுகளின் நாடுகள்

சுழியோடிகள் செல்லக்கூடிய அளவு பெரிய ஊற்றுக் குகைகளுக்குப் புளோரிடா பேர்போனது. அந்த மாநிலத்தில் 1,000க்கும் மேற்பட்ட ஊற்றுகள் உள்ளன. அவற்றில் 30க்கும் மேற்பட்டவை முதல்தரமானவை. ஒவ்வொன்றும் செக்கனுக்குச் சராசரியாக 2,800 லீற்றருக்குக் குறையாமல் நீரைத் தள்ளுகிறது. சாந்தா பே ஆற்றங்கரையில் உள்ள ஜின்னி ஊற்றுகள் இவற்றுள் புகழ்பெற்றவை. வடக்குப் புளோரிடாவில் கோடையிலும் குளிரிலும் ஊற்றுநீர் ஏறத்தாழ 22 பாகை செல்சியஸிலேயே நிற்கும். மழைவெள்ளம் கலக்காத நாளில் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும்.

மெக்சிக்கோவின் யுக்காத்தான் குடாநாட்டில் கூரை இடிந்த குகைக் கிணறுகளை ‘செனோட்டே’ என்பார்கள். அங்கே சாக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்ற இரு குகைத் தொகுதிகள் ஒன்றே என்பதைச் சுழியோடிகள் 2018இல் கண்டறிந்தபோது, அளந்த நீளம் 347 கிலோமீற்றராக இருந்தது. அதே பகுதியின் ஒயோ நெக்ரோ என்னும் ஆழக்குழியில், 2007இல், 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுள்ள இளம்பெண் ஒருத்தியின் எலும்புக்கூட்டைக் கண்டவர்களும் குகைச் சுழியோடிகளே. நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதற்கான வரைபடங்கள் பலவும் இவர்கள் நூல் பிடித்து அளந்தவை.

நாள் தொடங்குவது கரையில்

இரு நண்பர்கள் ஊற்று ஒன்றில் ஒரு நாள் சுழியோடப் போனால், காலைப்பொழுதின் பெரும்பகுதி தரையிலேயே கழியும். முதலில் சிலிண்டரில் இருப்பது என்ன வாயு என்று கருவி வைத்து அளப்பார்கள். பலர் பாவிப்பது ஒட்சிசன் 32 சதவீதமாகக் கூட்டப்பட்ட காற்று. இதனால் உடலில் நைதரசன் சேர்வது குறைகிறது. ஆனால் ஏறத்தாழ 33 மீற்றருக்குக் கீழே இந்த ஒட்சிசனே நஞ்சாகி வலிப்பைக் கொண்டுவரலாம். அதனால் அளந்த சதவீதத்தையும் போகக்கூடிய ஆழத்தையும் ஒரு பட்டியில் எழுதி, சிலிண்டரின் கழுத்தருகே ஒட்டிவிடுவார்கள்.

அடுத்தது காற்றுக் கணக்கு. கொண்டுபோவதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பி வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பது விதி. ஒரே அளவுச் சிலிண்டர்களில் ஒருவரிடம் 210 பார் அழுத்தமும் மற்றவரிடம் 180 பாரும் இருந்தால், குறைந்தவரின் கணக்கே இருவருக்கும் பொருந்தும். 180இல் மூன்றில் ஒன்று 60. ஆகவே முதலாமவர் 150 பாரிலும் இரண்டாமவர் 120 பாரிலும் திரும்ப வேண்டும். யாருடைய மானி முதலில் அந்த எண்ணைக் காட்டுகிறதோ, அப்போதே இருவரும் திரும்புவார்கள்.

மூன்றாம் பங்கு உண்மையில் நண்பருடையது. குகையின் கடைக்கோடியில் ஒருவரின் காற்று முழுவதும் போய்விட்டாலும், மற்றவரிடம் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்: ஒன்று தான் வெளியேற, மற்றது நண்பர் வெளியேற. வெளிநோக்கி ஓடும் ஊற்றில் நீரோட்டமும் திரும்புபவருக்கு உதவும். நீர் உள்நோக்கி இழுக்கும் குகையில் நிலைமை தலைகீழ் என்பதால், அங்கே மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போகச் செலவிடக் கூடாது.

முக்கியக் கருவிகளெல்லாம் ஒன்றுக்கு மேல். இரண்டு சிலிண்டர்கள், வாயில் வைத்துச் சுவாசிக்கும் ரெகுலேற்றர் இரண்டு, ஆளுக்கு மூன்று விளக்குகள், கயிற்று உருளைகள், நேரமும் ஆழமும் காட்டும் கருவிகள், கயிறு சிக்கினால் வெட்டச் சிறு கத்தி. ரெகுலேற்றர் ஒன்றின் குழாய் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமானது. ஒடுக்கமான வழியில் இருவரும் ஒருவர்பின் ஒருவராக நீந்தியபடியே ஒருவரின் காற்றைப் பகிர்வதற்கான ஏற்பாடு அது. உள்ளே போகுமுன், ஆழமில்லாத நீரில் இந்தப் பகிர்வை இருவரும் ஒருமுறை செய்துபார்ப்பார்கள். கசிவு உண்டா என்று ஒருவர் மற்றவரின் வால்வுகளில் குமிழி தேடுவார்.

கயிறு, சேறு, இருள்

ஊற்றின் வாயில், வெளிச்சம் தெரியும் இடத்தில், முன்னே போகிறவர் கயிற்றின் நுனியைப் பாறையில் கட்டுவார். சற்று உள்ளே சென்று இரண்டாவது கட்டுப் போடுவார். அங்கிருந்து குகையின் நிரந்தரக் கயிறுவரை அது அறுபடாமல் போகும். திறந்த நீரிலிருந்து குகையின் ஆழம்வரை ஒரே தொடர்க் கயிறு இருக்க வேண்டும் என்பதே இத்துறையின் முதல் சட்டம். பல குகைகளில் நிரந்தரக் கயிற்றில் அம்புவடிவப் பிளாஸ்ரிக் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். அம்பின் முனை கிட்டிய வாசலைக் காட்டும். விளக்கெல்லாம் அணைந்தாலும் விரலால் தடவி அதன் முனையை உணரலாம்.

கயிறு ஏன் உயிர்நாடி என்பது சேறு கிளம்பும்போது புரியும். குகையின் தரையில் மாவுபோன்ற மென்சேறு நூற்றாண்டுகளாகப் படிந்திருக்கும். ஒரே ஒரு கவனமற்ற உதை அதைக் கிளப்பிவிடும். சில நொடிகளில் சொந்தக் கையும் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு இருந்தும் பயனில்லை. இதைத் தவிர்க்கவே கால்களை மேல்கீழாக அடிக்காமல், முழங்காலை மடித்துத் தவளையைப் போலப் பக்கவாட்டில் உதைப்பது குகைச் சுழியோடிகளின் பழக்கம். சேறு கிளம்பிவிட்டால் இருவரும் கயிற்றைக் கைக்குள் வளைத்துப் பிடிப்பார்கள். பின்னால் வருபவர் முன்னவரின் கையையோ காலையோ பற்றுவார். முன்னால் தள்ளினால் ‘போ’, இறுக்கினால் ‘நில்’. பேச முடியாத அந்த இருளில் இந்தத் தொடுகையே மொழி.

தெளிந்த நீரில் விளக்கொளி பேசும். முன்னவர் பார்க்கும் பாறையில் பின்னவரின் ஒளிவட்டம் மெதுவாகச் சுழன்றால் ‘எல்லாம் சரி’. வேகமாக அங்குமிங்கும் ஆடினால் ஆபத்து. பெருவிரலை மேலே காட்டினால் ‘வெளியேறுவோம்’. இந்தச் சைகைக்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. யாரும், எப்போதும், எதற்காகவும் பயணத்தை முடிக்கலாம். மற்றவர் உடனே திரும்புவார். மனம் சரியில்லை என்பதும் போதுமான காரணமே.

திரும்பும் வழி மெதுவானது. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 30 மீற்றரில் ஒரு மூச்சுக்கு மேற்பரப்பைவிட நான்கு மடங்கு காற்றுச் செலவாகும். அந்த அழுத்தத்தில் இரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற வேண்டும். அவசரமாக மேலெழுந்தால் அது உடலுக்குள் குமிழியாகி மூட்டுவலி முதல் பக்கவாதம்வரை கொண்டுவரும். எனவே நீண்ட, ஆழமான பயணத்தின் முடிவில் வாசலருகே சில மீற்றர் ஆழத்தில் தங்கி நேரத்தைக் கழிப்பார்கள். 22 பாகை நீர் இதமாகத் தோன்றினாலும், மணிக்கணக்கில் அதில் கிடப்பவரின் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். தடித்த நீருடை அதற்காகத்தான்.

விதிகள் பிறந்த கதை

குகைச் சுழியோட்டம் 1935இல் இங்கிலாந்தின் வூக்கி ஹோல் குகையில் கிரகாம் பல்கோம், ஜாக் ஷெப்பர்ட் ஆகியோரின் முயற்சியோடு தொடங்கியதாகச் சொல்லலாம். அவர்கள் அணிந்தது கரையிலிருந்து குழாய்வழி காற்று வரும் கனத்த தலைக்கவச உடை. பின்னர் முதுகில் சுமக்கும் சிலிண்டர்கள் வந்தபோது, ஆயத்தமில்லாத பலர் புளோரிடா ஊற்றுகளுக்குள் இறங்கி மாண்டார்கள். பாடசாலைக் கணித ஆசிரியரான ஷெக் எக்ஸ்லி அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1979இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தொடர்க் கயிறு இல்லாமை, காற்றை மூன்றாகப் பிரிக்காமை, அளவுமீறிய ஆழம் ஆகிய மூன்றும் திரும்பத் திரும்பத் தெரிந்தன. பயிற்சியின்மையும் போதிய விளக்கின்மையும் பின்னர் சேர்க்கப்பட்டன. இன்றைய பயிற்சிகள் அனைத்துக்கும் இந்த ஐந்துமே அடிப்படை. எக்ஸ்லி 1994இல் மெக்சிக்கோவின் சகத்தோன் ஆழ்குழியில் ஆழச் சாதனை முயற்சியொன்றில் இறந்தார்.

நண்பர் என்னும் பாதுகாப்பு

2018 ஜூனில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் துணைப் பயிற்றுநரும் மழைவெள்ளத்தால் சிக்கியபோது, உலகம் இக்கலையை அறிந்தது. ஜூலை 2ஆம் திகதி அவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்ராண்டன், ஜோன் வொலான்தன் இருவரும் பல்லாண்டு ஒன்றாகச் சுழியோடியவர்கள். சிறுவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து வெளியே கொண்டுவர உதவிய அவுஸ்திரேலியர்களும் ஒரு சோடிதான்: மயக்கமருந்து வைத்தியர் ரிச்சர்ட் ஹரிஸ், மிருக வைத்தியர் கிரெய்க் சலன். ஜூலை 10ஆம் திகதிக்குள் பதின்மூவரும் உயிருடன் வந்தனர். அதற்கு முன், ஜூலை 6ஆம் திகதி, உள்ளே சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் தாய் கடற்படைச் சுழியோடி சமன் குனான் உயிர்நீத்தார்.

ஹரிஸும் சலனும் நியூசிலாந்தின் பியர்ஸ் என்ற குளிர்ந்த ஊற்றில் தொடர்ந்து ஆழம் தேடியவர்கள். 2023 பெப்ரவரியில் ஹரிஸ் அங்கே 230 மீற்றரில் ஐதரசன் கலந்த வாயுவைச் சுவாசித்துப் பரிசோதித்தபோது, பக்கத்தில் வழக்கமான வாயுவோடு நின்றவர் சலன். ஒருவர் புதியதைச் சோதிக்க, மற்றவர் பழகியதோடு காவல் நிற்பது என்ற அந்த ஏற்பாட்டில், இத்துறையில் நட்புக்கு உள்ள இடம் தெளிவாகத் தெரிகிறது.

கற்க விரும்புவோருக்கு

இதற்குக் குறுக்குவழி கிடையாது. முதலில் திறந்த நீரில் சுழியோடப் பயின்று பழக வேண்டும். பிறகு வெளிச்சம் எட்டும் வாய்ப்பகுதிக்கான பயிற்சி; அதன்பின் குகைப் பயிற்சி படிப்படியாக. திறந்த கடலில் மிகுந்த அனுபவமுள்ளவர்களும், பயிற்றுநர்களும்கூட, குகைப் பயிற்சியின்றி உள்ளே போய் இறந்திருக்கிறார்கள். புளோரிடா, மெக்சிக்கோ குகைகளின் வாய்களில் மரணத்தின் உருவம் வரைந்த எச்சரிக்கைப் பலகைகள் நீருக்கடியில் நடப்பட்டிருப்பது அவர்களை நிறுத்துவதற்காகத்தான்.

மலையகத்து அருவித் தடாகங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். விழும் நீர் குடைந்த பாறை இடுக்குகள் அடியில் இருக்கலாம். சுழல் அவற்றுக்குள் இழுக்கலாம். நேரே மேலெழ முடியாத எந்த இடத்திலும் மூச்சைப் பிடித்து மூழ்கக் கூடாது. நீந்தத் தெரிவது அங்கே போதாது. திரும்பும் வழி தெரிந்திருக்க வேண்டும், உதவிக்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும்.