துவக்குக் கட்டையும் மரத்தின் இழையும்

அமெரிக்கரான யோன் பிறவுணிங் வகுத்து 1894ஆம் ஆண்டில் வெளிவந்த வின்செஸ்டர் நெம்புகோல் துவக்கில், அடிக்கட்டையும் குழலின் கீழ்க்கட்டையும் வெவ்வேறானவை. தோளிற் பதியும் அடிக்கட்டையைச் செதுக்குவோர் முதலில் நோக்கவேண்டியது மரத்தின் அழகன்று, இழையின் போக்கேயாம். கை பற்றும் ஒடுங்கிய கழுத்தில் இழை நேராக ஓடாவிடின், வெடியின் உதைப்பால் அது முறிந்துவிடக்கூடும். ஆதலால், உலர்ந்த வால்நட் பலகையில் இழையோடு ஒத்துக் கழுத்தை வரைந்த பின்னரே, சுடுபவரின் கைக்கேற்ப நீளத்தைக் குறிப்பர்.

துவக்கின் உடலிலிருந்து பின்னீளும் இரும்பு நாக்குகளுக்குரிய பள்ளங்களை அடுத்து வெட்டுவர். இரும்பில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்தினால், மேடான இடங்களிற் கரி படியும். அவற்றை மட்டும் உளியாற் சீவுவர். நாக்கின் பின்முனையில் மயிரிழை இடைவெளி விடாவிடின், உதைப்பின்போது அது ஆப்பாகி மரத்தைப் பிளக்கும். வெளிவடிவமும் ஆளிவிதை எண்ணெய் மெருகும் இவற்றின் பின்னரே வரும். மரவேலை பயிலும் மாணவர் இவ்வொழுங்கைக் கருத்திற் கொள்வாராக.