சென்னையில் பிறந்த டிரம்மரின் இன்னொரு குழு

பங்காருபேட்டையில் இறங்கி மாரிகுப்பம் ரயிலைப் பிடித்தால் தங்கவயல். சுரங்கம் ஓடிய நாளில் அங்கே வாழ்ந்த சட்டைக்கார (ஆங்கிலோ-இந்திய) குடும்பங்களுக்கு ஆங்கிலப் பாட்டும் கிளப் நடனமும் உயிர். சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களில் பலர் கப்பலேறினார்கள். அதற்குச் சற்று முன்பே, 1945-இல், இந்தியாவிலிருந்து ‘ஜார்ஜிக்’ கப்பலில் லிவர்பூல் போய்ச் சேர்ந்த நான்கு வயதுப் பையன் பீட் பெஸ்ட். பிறந்தது சென்னையில், 1941 நவம்பரில்.

அம்மா மோனா டெல்லியில் பிறந்தவர். லிவர்பூல் வீட்டின் நிலவறையில் 1959-இல் அவர் தொடங்கிய காஸ்பா கிளப்பில்தான் பின்னாளில் பீட்டில்ஸ் ஆன ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி கூட்டம் வாசித்துப் பழகியது. நிலவறைக்கு வர்ணம் அடித்ததும் அவர்களே. 1960-இல் பீட்டை டிரம்ஸில் உட்கார்த்திக்கொண்டு ஹாம்பர்க் போனார்கள். 1962 ஆகஸ்டில், பீட்டில்ஸின் முதல் ரெக்கார்டு வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, அவரை விலக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லக் குழுவின் மற்ற மூவரில் ஒருவரும் வரவில்லை. மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன்தான் கூப்பிட்டுச் சொன்னார். வாசிப்பு போதவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு வருஷம் கூடவே இருந்தவனிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாக் கட்டுரைகளும் பீட்டின் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. அதற்கப்புறம் உருவான ‘பீட் பெஸ்ட் ஃபோர்’ குழுவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1962 தொடக்கத்தில் பீட்டில்ஸைக் கேட்டுப் பார்த்து வேண்டாம் என்ற அதே டெக்கா கம்பெனி, 1964-இல் இந்தக் குழுவின் இசைத்தட்டை வெளியிட்டது. விற்கவில்லை. ஆளும் பெயரும் மாறி ‘பீட் பெஸ்ட் காம்போ’ ஆகி, அமெரிக்கா போய்ப் பாடி, ஓர் ஆல்பமும் போட்டார்கள். அதற்கு ‘பெஸ்ட் ஆஃப் தி பீட்டில்ஸ்’ என்று பெயர் வைத்தது, அதை வெளியிட்ட வேறொரு கம்பெனி செய்த பெரிய அநியாயம். பீட்டில்ஸ் பாட்டு என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். உள்ளே இருந்த பாட்டுகளை யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை.

சில வருஷத்தில் குழு கலைந்தது. ஆனால் அதில் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. அதில் வாசித்த டோனி வாடிங்டனும் வெய்ன் பிக்கர்டனும் சேர்ந்து எழுதிய ‘ஷுகர் பேபி லவ்’, ரூபெட்ஸ் குழு பாடி 1974-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது.

பீட் பேக்கரியில் ரொட்டி மூட்டை ஏற்றினார். பிறகு இருபது வருஷம் போல லிவர்பூலில் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1988-இல் மறுபடி மேடை ஏறினார். 1995-இல் பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி’ முதல் தொகுப்பில் அவர் வாசித்த பழைய பதிவுகள் வெளியாகி, ராயல்டி கைக்கு வந்தது. அதன் அட்டையில் இருந்த பழைய குழுப் படத்தில், அவர் முகம் இருந்த இடத்தை மட்டும் கிழித்திருந்தார்கள்.