'வோக்': ஒரு பெயரடையின் சமூக வரலாறு

ஆங்கிலத்தில் 'விழித்தான்' எனும் இறந்தகால வினையாகிய 'வோக்', ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் 'விழிப்புள்ள' எனும் பெயரடையாயிற்று. அங்கு விழிப்பென்பது உயிர்காக்கும் எச்சரிக்கையாகும். 1931இல் அலபாமாவில் ஒன்பது கறுப்பின இளைஞர்மீது பொய்க்குற்றம் சுமத்தப்பட்டது. அவ்வழக்கைப் பாடிய லெட் பெலி, 1938ஆம் ஆண்டு ஒலிப்பதிவில், அப்பகுதியூடாகச் செல்வோரை இச்சொல்லாலேயே எச்சரித்தார். 2014இல் பேர்கசனில் மைக்கல் பிரவுண் பொலிசாராற் சுட்டுக்கொல்லப்பட்டதை எதிர்த்தெழுந்த இயக்கம் இதனைப் பரவலாக்கியது. 2017இல் ஒக்ஸ்போர்ட் அகராதி இப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் பழைமைவாதிகள் இதனை ஏளனச் சொல்லாக்கினர். 2022இல் புளோரிடாச் சட்டமொன்று இச்சொல்லைத் தடுப்பதாகவே பெயர் சூடிக்கொண்டது. ஒடுக்கப்பட்டோரின் சொல் அதிகாரத்தின் கைப்பட்டதும் அதன் பொருள் தலைகீழானமை நோக்கத்தக்கது. எனவே இதனை 'விழிப்பான' என்று மட்டும் பெயர்த்தமைதல் போதாது. யார், யாரை நோக்கிக் கூறுகின்றனர் என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.