காரியம் முடிந்த மறுநாள்

கணவன் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். பந்தலைப் பிரித்து, உறவுகள் ஊர் திரும்பிய பிறகு அந்தப் பெண்ணிடம் மிஞ்சுவது ஒரு கட்டுக் காகிதம்: குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கும் பட்டா. இறப்பை 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் பதிவு செய்யலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஓராண்டைத் தாண்டினால் அதிகாரியின் உத்தரவு. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் வராது. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பட்டா மாறாது. எதை முதலில் வாங்க வேண்டும், எந்த மேசையில் வாங்க வேண்டும் என்று அவளுக்கு உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது.

அந்த வங்கிப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருக்கிறார்களா? அப்படியென்றால் கணவர் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் இருந்திருக்கிறார். நியமனதாரருக்கு 2 லட்ச ரூபாய் வர வேண்டும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் அதிலும் 2 லட்சம். கிளைக்குப் போய்க் கேட்டு, படிவம் நிரப்பிக் கொடுத்தால்தான் பணம் வரும். புத்தகத்தில் அந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாததால் ஒரு குடும்பம் கந்துவட்டிக்குப் போகிறது என்றால், அதற்கு விதியைக் காரணம் சொல்ல என்னால் முடியாது.

"உனக்கு இதில் பங்கு கிடையாது" என்பது அவள் அடுத்துக் கேட்கும் பேச்சு. உயில் எழுதாமல் கணவர் இறந்தால் அவர் சொத்தில் பிள்ளைகளுக்கும் அவருடைய தாய்க்கும் இணையான பங்கு மனைவிக்கு உண்டு என்கிறது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். பிறகு அவள் மறுமணம் செய்துகொண்டாலும் அந்தப் பங்கு பறிபோகாது. வழக்காட வக்கீல் வேண்டுமென்றால் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அவளுடைய வருமானத்தை அங்கே கணக்கில் எடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் தொழிற்பயிற்சி வகுப்பில் சொல்லித்தரலாமே என்றால், பெரும்பாலான வகுப்புகள் தையலோடு நின்றுவிடுகின்றன. தையலைக் குறை சொல்லவில்லை. அதை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் ஒரே தெருவில் பத்துப் பேருக்கு இயந்திரம் கொடுத்தால் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் யார்? வேலை எங்கே காத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பயிற்சியை வகுக்க வேண்டும்.

இதைச் சென்னையில் நூறாண்டுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். சகோதரி சுப்புலட்சுமிக்குப் பதினொரு வயதில் கல்யாணம். சில காலத்திலேயே கணவர் இறந்துபோனார். மகளை மூலையில் உட்கார வைக்காமல் தந்தை படிக்க வைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, மறு ஆண்டே எழும்பூரில் இளம் கைம்பெண்களுக்கு ஒரு விடுதி தொடங்கினார். பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காமல் அரசு தவித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆக, வேலை முன்னாலேயே இருந்தது. அந்தப் பெண்களை அதற்குத் தயார் செய்வதுதான் பாக்கி. அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை 1917இல் அரசு வாங்கி விடுதிக்குக் கொடுத்தது. மொட்டை அடிக்கப்பட்டு வந்த சிறுமிகள் அங்கிருந்து சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாக வெளியேறினார்கள். விடுதி தொடங்கிய அதே 1912இல் சுப்புலட்சுமி தொடங்கிய சாரதா மகளிர் சங்கத்தில் பெண்கள் கூடிப் பொது விஷயங்களைப் பேசவும் பழகினார்கள். தொழிலும் நாட்டு நடப்பும் அவரிடம் ஒன்றாகவே நடந்தன.

விடுதி பிராமணப் பெண்களுக்கு மட்டுமே என்று இருந்தது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டுவது நேர்மையாகாது. வயது கடந்த பெண்கள் விடுபட்டதை மட்டும் அவரே பின்னால் ஈடு செய்தார்: 1942இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலயம் பெரிய பெண்களுக்காகவே தொடங்கியது.

இன்றும் வேலை காத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் பெண்களுக்கு ஒதுக்கும் இடங்களில் 10 விழுக்காடு ஆதரவற்ற விதவைகளுக்கு உரியது. வயது வரம்பிலும் தளர்வு உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இந்த ஒதுக்கீட்டுக்குக் கோட்டாட்சியர் தரும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் தேவை. பத்தாவது தேறி, கல்யாணத்தோடு புத்தகத்தை மூடிய முப்பது வயதுப் பெண்கள் ஒவ்வொரு ஊராட்சியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாலையில் தேர்வுப் பயிற்சி, நடுவில் ஒரு மணி நேரம் மனு எழுதுவது, பாஸ்புக் படிப்பது, பட்டா பார்ப்பது என்று வகுத்தால் அது பயிற்சி. 2022இல் கைம்பெண்கள் மற்றும் ஆதரவற்ற மகளிர் நல வாரியத்தை அரசு அமைத்தது. அந்த வாரியம் கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மாத ஓய்வூதியம் அடுப்பெரிய உதவும், அது அவசியம். ஆனால் அவள் வாழ்க்கை அந்தத் தொகையோடு முடிந்துவிடக் கூடாது.

அரசோடு ஊரும் மாற வேண்டும். மராட்டியத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராம சபை 2022 மே 4 அன்று ஒரு தீர்மானம் போட்டது: கணவன் இறந்த பெண்ணின் வளையலை உடைப்பதும், பொட்டை அழிப்பதும், தாலியைக் கழற்றுவதும் இனி எங்கள் ஊரில் இல்லை. சில நாட்களிலேயே மாநில அரசு இதைப் பின்பற்றும்படி மற்ற ஊராட்சிகளுக்கும் சொன்னது. இங்கேயோ ஈரோடு மாவட்டக் கோயில் ஒன்றில் கைம்பெண்ணை உள்ளே விட மறுத்த வழக்கில், அது கூடாது என்று 2023இல் உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

நம் ஊர்களிலும் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அங்கே கைம்பெண்கள் தாங்களே எழுந்து, யாருக்கு வாரிசுச் சான்றிதழ் நிலுவை, யாருக்கு ஓய்வூதியம் நிலுவை என்று பெயர் பெயராகப் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். ஏற்றியதைத் தாங்களே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.