லிஃப்ட் செய்த ஜிம்னி, ஜிப்ஸியில் ஸ்டீயரிங் ஏன் உதறுகிறது? டேம்பரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

நெடுஞ்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் ஏறி இறங்குகிறது. அடுத்த நொடி, ஸ்டீயரிங் இடமும் வலமும் வெறிபிடித்தது போல் உதறத் தொடங்குகிறது. வேகம் நன்றாகக் குறையும் வரை அது அடங்குவதில்லை.

ஆஃப்-ரோடு ஓட்டுபவர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்பார்கள். வண்டியை உயர்த்திய பிறகு இது வந்தால், பல ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் கிடைக்கும் பதில்: “டேம்பர் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” அதற்குத் தலையாட்டும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த வண்டிகளில் வரும்?

இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் இணைக்கும் வண்டிகளில்தான் இது அதிகம். பழைய மாருதி ஜிப்ஸி, 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னி, ஜீப் ராங்ளர் எல்லாம் இந்த வகை. ஒரு சக்கரம் வாங்கும் அதிர்ச்சி மறு சக்கரத்துக்கும் போகும். இணைப்புகளில் எங்காவது ஆட்டம் இருந்தால், அந்த அதிர்ச்சி திரும்பத் திரும்ப எதிரொலித்துப் பெரிதாகும். 2020-ல் வந்த மஹிந்திரா தாரில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் கதை வேறு.

உயர்த்தினால் என்ன மாறுகிறது?

முதலாவது, காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹேண்டில்பாரைக் கைவிட்டாலும் சைக்கிள் நேராகப் போக அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரிலும் சக்கரம் திரும்பும் அச்சுக்கு அப்படியொரு சாய்வு உண்டு. ஜிம்னியில் உயரமான ஸ்பிரிங் போட்டால் ஆக்ஸில் லேசாகச் சுழன்று அந்தச் சாய்வு குறைகிறது. சக்கரம் தானாக நேராகும் பலமும் குறைகிறது.

இரண்டாவது, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைக்கும் பேனார்ட் ராட். வண்டி உயர்ந்தால் இதன் கோணம் செங்குத்தாகும், ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போகும், புஷ்களுக்குச் சுமை கூடும். மூன்றாவது, கூடவே போடும் கனமான டயர். ஏற்கெனவே இருக்கும் சின்ன ஆட்டத்தைக்கூட அது பெரிதாக்கிக் காட்டும்.

டேம்பரின் வேலை உதறலை உறிஞ்சுவது மட்டும்தான். புதிய டேம்பர் போட்டதும் ஆட்டம் நின்றால் கோளாறு சரியானதாக அர்த்தமில்லை. தேய்ந்த பாகம் அப்படியேதான் இருக்கும். டேம்பர் தளர்ந்ததும் உதறல் திரும்பி வரும், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில்.

எப்போது ஆடுகிறது?

மெக்கானிக்கிடம் போகும் முன் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய அதிர்வு: பெரும்பாலும் வீல் பாலன்சிங், வளைந்த ரிம் அல்லது டயர். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. ஒரு பக்கம் எடை கூடியிருந்தால் நொடிக்குப் பத்து முறை இழுக்கும்.
• பிரேக் பிடிக்கும்போது மட்டும்: முதலில் பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள்.
• பள்ளத்தில் இறங்கியதும் கடுமையான உதறல்: இதுதான் டெத் வாபிள். தேய்ந்த இணைப்புகளைத் தேட வேண்டும்.

எந்த வரிசையில் தேடணும்?

செலவில்லாததில் தொடங்குங்கள். டயர் காற்று, வீல் நட் இறுக்கம், பிறகு வீல் பாலன்சிங்.

அடுத்து, சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆட்டட்டும். இன்னொருவர் பேனார்ட் ராடின் இரு முனைகளையும், டை ராட், டிராக் லிங்க் முனைகளையும் பார்க்கட்டும். போல்ட் அசையாமல் ராட் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்தால் அங்கே ப்ளே இருக்கிறது. போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிறகு சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் ஜிம்னி, ஜிப்ஸியில் கிங்பின் பேரிங். ராங்ளரில் பால் ஜாயின்ட்.

கடைசியாக அலைன்மென்ட். டோவை மட்டும் சரிசெய்து அனுப்பினால் போதாது, காஸ்டர் அளவும் உள்ள பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜிம்னியில் காஸ்டரைத் திருகிச் சரிசெய்யும் வசதி இல்லை. அதற்கென உள்ள ஆஃப்செட் புஷ் அல்லது பிராக்கெட் போடணும். லிஃப்ட் கிட் வாங்கும்போதே இது சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் தந்த விவரங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் க்ளெய்மையும் சிக்கலாக்கலாம்.

ஓடும்போதே உதறினால்?

ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுங்கள். பின்னால் வருபவர்களைக் கவனித்து, பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். உதறல் நின்றதும் “சரியாயிடுச்சு” என்று அதே வேகத்தில் கிளம்பாதீர்கள். ஒவ்வொரு உதறலும் மற்ற இணைப்புகளையும் தேய்க்கிறது. காரணம் தெரியும் வரை அந்த வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.