கபடி அன்பரின் மூன்று கவலைகள்

வானம் பார்த்த பூமியிற் பிறந்தவர்க்குக் கவலைப்படுதல் கற்றுக் கொடுக்க வேண்டிய கலை அன்று. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகச் சென்று நரிக்குடியை அடைவோர், இருமருங்கும் சீமைக்கருவேலமும் இடையிடையே மிளகாய்க் கொல்லைகளும் நீரற்ற கண்மாய்களும் காண்பர். ஐப்பசி பிறந்ததும் எம்மூரார் வானத்தை அண்ணாந்து நோக்குவர். அதே நாட்களில் மாலை வந்ததும் தேநீர்க்கடையின் தொலைக்காட்சியை நோக்குவர். முன்னதில் அவர் தேடுவது மழை. பின்னதில் அவர் தேடுவது ‘தமிழ் தலைவாஸ்’ என்னும் கபடி அணியின் வெற்றி. இரண்டும் பல ஆண்டுகளில் ஏமாற்றியுள்ளன.

விளையாட்டைக் காண்பவனுக்குக் கவலை எதற்கு என்று நண்பர் சிலர் நம்மை வினவியதுண்டு. அவர்க்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். அன்பன் ஒருவனுடைய கவலைகள் மூன்று: வீரர்க்கு நேரும் காயம், வீரர்க்கு அளிக்கும் ஊதியம், அணி அடையும் நிலை. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலை விளக்க முயல்வோம்.

முதலில் ஆட்டத்தின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சில சொற்கள். எம்மூர்ப் பெரியோர் சடுகுடு என வழங்குவதே இன்று கபடி எனப் பெயர் பெற்று, 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய களத்தில், பக்கத்திற்கு எழுவராக, 40 நிமிடம் ஆடப்பெறுகின்றது. பாடிச் செல்பவனுக்கு 30 நொடியே காலம். அதற்குள் எதிரியைத் தொட்டு மீண்டானாயின் தொடப்பட்டவர் வெளியேறுவர். பிடிபட்டானாயின் அவனே வெளியேறுவான். வெளியேறியவன் உள்ளே வருதற்குத் தன் அணியார் எதிரியை வீழ்த்திப் புள்ளி பெறல் வேண்டும். எழுவரும் வெளியேறினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி மிகுதியாகக் கிடைக்கும். ஆதலின் பாடுவதில் வல்லவன் ஒருவன் வெளியே அமர்ந்துவிட்டால், அவனை உயிர்ப்பிக்க வேண்டியவர் அவனினும் வலி குறைந்தோரே. இவ்விளையாட்டில் ஒருவனை மட்டும் நம்பியிருத்தலின் இடர் இங்கேயே தோன்றிவிடுகின்றது.

இனி ஊதியத்தைப் பற்றிக் காண்போம். 2014-ஆம் ஆண்டில் எட்டு அணிகளுடன் தொடங்கிய புரோ கபடிப் போட்டி, 2017-இல் பன்னிரண்டு அணிகளாக விரிந்தது. தமிழ் தலைவாஸ் அவ்வாண்டில் புதிதாகச் சேர்ந்த நான்கனுள் ஒன்று. வீரர்களை ஏலத்தில் எடுப்பர். ஆயினும் செல்வம் படைத்த அணி நல்லாரை எல்லாம் வாரிக்கொள்ளாதபடி, ஒவ்வோர் அணியும் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு வரம்பு உண்டு. 2022-இல் நடந்த ஒன்பதாம் பருவத்தில் அவ்வரம்பு 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அடுத்த பருவத்திலிருந்து 5 கோடி. வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, பகையின் வலியை மட்டுமன்றித் தன் கைப்பொருளின் அளவையும் அதனுள் அடக்கினார் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். ஏலத்தில் அமர்ந்திருப்போர்க்கு வேண்டுவது அவ்விரு வலியையும் ஒருங்கே அறியும் அறிவேயாகும்.

தொடக்க ஆண்டுகளில் அவ்வறிவின் பயனை நாம் கண்டிலேம். 2016-ஆம் ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்ற அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர், ராகுல் சௌதரி ஆகிய மூவரும் 2019-இல் நமது அணியில் ஒருங்கே ஆடினர். பெயர்களைக் கேட்டவுடன் நெஞ்சு நிமிர்ந்தது. ஆட்டம் முடிந்தபோதோ, பன்னிரண்டு அணிகளுள் நமது இடம் பன்னிரண்டாவதாக இருந்தது. புகழ்பெற்ற பெயர்கள் பலவற்றைச் சேர்த்தல் வேறு, அணி ஒன்றைச் சமைத்தல் வேறு என்பதை அன்றே கற்றிருக்கலாம்.

கற்றோமா எனின், இல்லை. 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத் என்னும் பெரும்பாடகரை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு நமது அணி எடுத்தது. அணி செலவிடத்தக்க மொத்தத்தில் பாதிக்கும் மேல் ஒருவர்க்கே சென்றது. எஞ்சிய 2 கோடியே 14 லட்சத்தில் மற்றை யாவரையும் எடுத்தல் வேண்டும். எம்மூர்த் தேநீர்க்கடையில் அன்று ஏற்பட்ட மகிழ்ச்சி, கண்மாய் நிறைந்த நாளில் ஏற்படும் மகிழ்ச்சிக்குச் சிறிதும் குறைந்ததன்று.

அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள், பெங்களூருவில் குஜராத் அணியோடு முதல் ஆட்டம். நாம் அப்போது பள்ளி மாணவர். கடையின் முன்னே இடமின்றித் தெருவில் நின்று நோக்கினோம். முதற்பாதி முடியுமுன்னரே பவன் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். களத்தினின்றும் தூக்கிச் செல்லப்பட்டார். ஆட்டம் 31–31 எனச் சமநிலையில் முடிந்தது. அப்பருவத்தில் அவர் மீண்டும் களம் இறங்கவில்லை. செலவின் பாதி ஒரே மாலையில் களத்திற்கு வெளியே சென்றது. கடையில் ஒருவரும் பேசவில்லை. தேநீர் ஆற்றுபவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, “எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா” என்றார்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. தொடக்கத்தில் அணி தடுமாறியது உண்மை. ஆனால் பருவத்தின் நடுவே ஆஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். நரேந்தர் என்னும் புதிய இளைஞர், அதுவே தமக்கு முதற்பருவமாக இருந்தும், பாடிச் சென்று 243 புள்ளிகள் ஈட்டினார். பிடிப்போர் ஒருவரையொருவர் அறிந்து பிடித்தனர். அணி ஐந்தாம் இடம் பெற்று, முதன்முறையாக இறுதிச் சுற்றுக்களுட் புகுந்தது. உத்தரப்பிரதேச அணியோடு 36–36 எனச் சமன்செய்து, பின் நிகழ்ந்த தனிப்பாட்டுக்களில் 6–4 என வென்றது. அரையிறுதியில் புனே அணியிடம் 37–39 என இரண்டே புள்ளியில் தோற்றது. விலைமிக்கவர் இல்லாத பருவமே நமது அணி அதுவரை கண்ட பருவங்களிற் சிறந்ததாயிற்று.

இதற்கு மறுதலையும் உண்டு. 2023 ஏலத்தில் அதே பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. அவர் நன்கு ஆடினார். ஆயினும் அணி 22 ஆட்டங்களுள் இரண்டே வென்று கடைசி இடம் பெற்றது. அவரைப் பழித்தல் நமது கருத்தன்று. ஒரு தோள் எவ்வளவு வலியதாயினும் எழுவர் சுமையைத் தாங்காது என்பதே கருத்து. நமது அணியும் அப்பாடத்தை முற்றும் போற்றியதாகக் கூற இயலாது: 2024-இல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்திற்கு எடுத்தும் ஒன்பதாம் இடத்தையே பெற்றது. 2025 ஏலத்தில் பவன் மீண்டும் நமது அணிக்கு வந்தபோது அவர் விலை 59 லட்சத்து 50 ஆயிரம். மூன்றாண்டில் ஒருவர் விலை ஏறி இறங்கிய இவ்விதம், அருப்புக்கோட்டைச் சந்தையில் மிளகாய்க்கு நேர்வதை ஒத்திருக்கின்றது. விலை என்பது கொள்வோர் அன்று கொண்ட ஆசையின் அளவே. ஆளின் அளவு அன்று.

காயத்தைப் பற்றி இனிக் கூறுவோம். கபடியில் முழங்காலுக்கு ஏன் இத்துணைத் தீங்கு? முழங்காலின் உள்ளே தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார்கள் உண்டு. மக்கள் அவற்றை ஜவ்வு என்பர். முழங்கால் முன்னும் பின்னும் மடங்குதற்கு அமைந்தது, முறுக்குதற்கு அமைந்ததன்று. பாடுபவன் ஓடிவந்து ஒரு காலை ஊன்றித் திரும்புங்கால், எதிரி அவன் கணுக்காலைப் பற்றிக்கொள்கின்றான். பாதம் நிலைத்து நிற்க, உடல் திரும்ப, இடையிலுள்ள முழங்கால் முறுக்குண்கின்றது. அதன்மேல் நால்வர் ஐவர் வீழ்வராயின் கேட்கவும் வேண்டுமோ? நடுவே நிற்கும் முக்கிய ஜவ்வு அறுந்துவிட்டால் அது தானே ஒட்டிக்கொள்வது அரிது. களத்திற்கு மீள விரும்புவோர்க்கு அறுவை மருத்துவமும், அதன்பின் பல திங்கள் முறையான பயிற்சியும் வேண்டும்.

பவன் அடிபட்டது 2022 அக்டோபர் 8. சீனத்து ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் ஈரானை வென்று பொற்பதக்கம் பெற்ற இந்திய அணிக்கு அவர் தலைமை தாங்கியது 2023 அக்டோபர் 7. ஓராண்டு நிறைதற்கு ஒருநாள் எஞ்சியிருந்தது. விடாமுயற்சியும் தக்க மருத்துவமும் ஒருங்கு கூடினால் முறிந்தது மீண்டும் நிமிரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அந்த இறுதியாட்டத்தை நாம் கண்டது எமது அயல்வீட்டு அண்ணன் ஒருவரோடு. அவர் எமது சுற்றுவட்டாரத்தில் பெயர்பெற்ற பாடகர். கரிமூட்டம் போடும் வேலைக்குச் செல்பவர். பொங்கலையொட்டி ஓர் ஊரில் நடந்த போட்டியில், வறண்ட கண்மாய்க் கரம்பையில் ஆடுங்கால் அவர் முழங்கால் முறுக்குண்டது. ‘டப்’ என்று ஓசை கேட்டதாகக் கூறுவார். எழுந்து நின்றவரை, “ஒண்ணுமில்ல, நடந்தாச் சரியாப் போகும்” என்று மீண்டும் களத்தில் இறக்கினர். அன்றிரவு கால் வீங்கியது. எண்ணெய் தடவி உருவினர். மூங்கிற் பத்தை வைத்துக் கட்டினர். வீக்கம் வடிந்தது, கால் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. விறகுச் சுமையோடு திரும்பினால் முழங்கால் நழுவுகின்றது. கரிமூட்ட வேலை போயிற்று. அவ்வணி பெற்ற பரிசு ஓர் ஆட்டுக்கிடாயும் சுழற்கோப்பையும். அவர் பங்கிற்கு வந்தது ஒருநாள் விருந்து.

இந்தியா வென்றதும் அவர் கைதட்டினார். பின்னர் தம் முழங்காலைத் தடவியவாறு, “அவருக்கு டாக்டர் இருந்தாரு தம்பி, நமக்கு வெளக்கெண்ணெய்தான் இருந்துச்சு” என்றார். பொறாமை அதில் இல்லை. கணக்கு ஒன்றைக் கூறுவார் போலவே கூறினார். நாம், “ஆமாண்ணே” என்பதற்கு மேல் ஒன்றும் கூற அறிந்திலேம்.

அன்று முதல் நமது மூன்று கவலைகளும் வேறு வடிவம் கொண்டன. கோடிக்கணக்கில் விலை பெற்ற முழங்காலுக்காக ஒரு நாடே வருந்துகின்றது, வருந்துக. ஆனால் விலையே இல்லாத முழங்காலின் பொருட்டு வருந்துபவர் யார்? புரோ கபடி மெத்தை விரிப்பின்மேல் ஆடப்பெறுகின்றது. எமது ஆட்டம் வெடித்த கரம்பையின்மேல் ஆடப்பெறுகின்றது. உடைமைகள் வேறு, உள்ளே இருக்கும் ஜவ்வு ஒன்றே.

பெரும்பொருள் இன்றியே செய்யத்தக்கவை சில உள. ஆட்டத்திற்கு முதல்நாளே மண்ணைக் கிளறி, கல்லும் கருவேல முள்ளும் பொறுக்கி, நீர் தெளித்து மென்மையாக்கலாம். ஆட்டத்திற்கு முன் கால்மணி நேரம் மெல்ல ஓடி உடலைச் சூடேற்றிக் கொள்ளலாம். முழங்காலில் ஓசை கேட்டு உடனே வீங்கியவனை அன்று மீண்டும் இறக்குவதில்லை என்று நடுவர் உறுதி கொள்ளலாம். வீங்கிய காலை இழுத்து உருவாமல், அசையாதபடி கட்டி, துணியில் சுற்றிய பனிக்கட்டி வைத்து, மருத்துவரிடம் கொண்டு செல்லலாம். இவற்றுள் எதற்கும் ஏலம் வேண்டா.

பொருள் வேண்டுவது ஒன்றற்கே: அடிபட்டவன் மருத்துவத்திற்கும், வேலையின்றி இருக்கும் நாட்களில் அவன் வீட்டு அடுப்பெரிதற்கும். தசமபாகம் பிரித்து வைக்கும் வீட்டிற் பிறந்த நமக்கு அதற்கு ஒரு வழி தோன்றிற்று. சென்ற பொங்கலுக்கு விடுமுறையில் ஊர் சென்றபோது, அணிகள் செலுத்தும் நுழைவுத் தொகையில் பத்தில் ஒரு பங்கை அடிபட்டோர்க்கென ஒதுக்குமாறு விழாக் குழுவினரை வேண்டினோம். “கல்லூரிக்குப் போனதும் கணக்குப் பேசுறான்” என்று சிரித்தனர். சிரித்தபின் ஒரு தகரப்பெட்டியை வைத்தனர். அதில் விழுந்தது சிறுதொகையே; அறுவை மருத்துவம் ஒன்றிற்கு அது காற்பங்கும் ஆகாது. ஆயினும் பெட்டி இன்னும் இருக்கின்றது. அதன் சாவி அண்ணனிடம் இருக்கின்றது. அவ்வாண்டு நடுவராக நின்றவரும் அவரே. கணுக்கால் பிசகிய சிறுவன் ஒருவன் மீண்டும் ஆட முந்தியபோது ஊதலை ஊதி, “உக்காருடா” என்று அவனைக் கோட்டிற்கு வெளியே அமர்த்தினார். அச்சிறுவனுடைய அணி தோற்றது. அவன் மறுநாள் நொண்டாமல் பள்ளிக்குச் சென்றான்.

நண்பர்களே, நீவிர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் அணிக்கு அன்பராயிருப்பீர். உம் அணியின் தலைவர்க்கு அடிபடுங்கால் வருந்துவீர். ஏலத்தில் வீண்செலவு செய்யுங்கால் சினப்பீர். தோற்குங்கால் உண்ணாதும் இருப்பீர். அவை யாவும் தக்கனவே. விடுமுறைக்கு உம்மூர் சென்று ஆங்கு நடக்கும் ஆட்டத்தைக் காணுங்கால், அக்கவலையில் ஒரு சிறுபகுதியை அக்களத்திற்கும் அளிப்பீராக. தமிழ் தலைவாஸ் கோப்பையை வெல்லும் நாளுக்காக நாமும் எம்மூர்த் தேநீர்க்கடையில் காத்திருக்கின்றோம். அண்ணனும் காத்திருக்கின்றார்.